பனிச்சறுக்கும் படியேற்றமும்: உடல் செலவிடும் கலோரியை மதிப்பிடும் முறை

பலமனேர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர். சித்தூரிலிருந்து பெங்களூர் செல்லும் சாலை மொகிலி மலைச்சரிவில் ஏறி இப்பீடபூமியை அடைகிறது. மார்கழி மாதத்து விடியலில் இங்குப் புல்நுனிகளில் பனித்துளி நிற்கும். ஆயினும் உறைபனி நிலத்தை மூடிக் கிடப்பதை இவ்வூரார் கண்டதில்லை. அத்தகைய ஊரில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கும் கிராமப் பணியாளர்களுக்கும் பனிச்சறுக்கினால் செலவாகும் கலோரியைப் பற்றி எடுத்துரைப்பதால் என்ன பயன் என்ற ஐயம் எழுவது இயல்பே.

பயன் உண்டு. ஒரு வேலைக்கு உடல் எவ்வளவு சக்தியைச் செலவிடுகிறது என்று கணிக்கும் முறை எல்லா வேலைகளுக்கும் ஒன்றே. காஷ்மீரத்தில் பனியின்மீது சறுக்குபவருக்கும், திருமலைப் படிகளில் ஏறுபவருக்கும், கேழ்வரகுக் கொல்லையில் களை எடுப்பவருக்கும் அம்முறை பொருந்தும். அதனைச் சரியாகக் கையாண்டால், உழைப்பவருக்கு எவ்வளவு உணவு தேவை என்பது விளங்கும். தவறாகக் கையாண்டால், உழைப்பவரின் தட்டில் உணவு குறையும். பனிச்சறுக்கு இம்முறையின் நிறைகுறைகள் இரண்டையும் தெளிவாகக் காட்டுவதால், அதனை முதல் உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

கலோரியை அளப்பது எவ்வாறு?

ஒரு லிட்டர் தண்ணீரின் உஷ்ணத்தை ஒரு டிகிரி சென்டிகிரேடு உயர்த்தத் தேவையான வெப்பத்தையே உணவைப் பற்றிய பேச்சில் கலோரி என்கிறோம். கண்டிப்பாகச் சொன்னால் இது கிலோ கலோரி ஆகும். இக்கட்டுரையில் கலோரி என்று வருமிடமெல்லாம் அதனையே குறிக்கும்.

உடல் ஓர் அடுப்பைப் போன்றது. அடுப்பில் விறகு எரியக் காற்று வேண்டும்; உடலில் உணவு எரியப் பிராணவாயு வேண்டும். எரியும் விறகின் அளவை நேரே காண இயலாவிடினும், உட்சென்ற காற்றை அளந்தால் எரிந்த விறகைக் கணக்கிடலாம் அன்றோ? சுவாசமும் எரிதலே என்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியர், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லாப்லாஸுடன் சேர்ந்து செய்த பரிசோதனைகளால் விளக்கினார். 1911இல் இங்கிலாந்தைச் சேர்ந்த டக்ளஸ், வேலை செய்பவர் வெளிவிடும் மூச்சை முதுகில் கட்டிய ஒரு பையில் சேகரிக்கும் முறையை வெளியிட்டார். பையில் சேர்ந்த காற்றின் அளவையும், அதில் எஞ்சியுள்ள பிராணவாயு, கரியமிலவாயு ஆகியவற்றின் விகிதத்தையும் கண்டறிந்தால் உடல் எவ்வளவு பிராணவாயுவைப் பயன்படுத்தியது என்று தெரிந்துவிடும். ஒரு லிட்டர் பிராணவாயு பயன்படும்போது ஏறத்தாழ 5 கலோரி வெளிப்படுகிறது. இக்கணக்கை எளிதாக்கும் சூத்திரத்தை 1949இல் வீர் என்பவர் வகுத்தார்.

ஒரு மனிதர் அமைதியாக அமர்ந்திருக்கும்போது, அவருடைய எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு 3.5 மில்லி லிட்டர் பிராணவாயுவைப் பயன்படுத்துகிறார் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். இது மணிக்குக் கிலோ ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு கலோரி ஆகும். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 60 கலோரி. ஒரு வேலை இந்த ஓய்வுச் செலவைப்போல் எத்தனை மடங்கு என்று கூறும் எண்ணை ஓய்வு மடங்கு என்று அழைப்போம். எடை, ஓய்வு மடங்கு, நேரம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் செலவான கலோரி கிடைக்கும். நூற்றுக்கணக்கான வேலைகளுக்கும் விளையாட்டுகளுக்கும் உரிய ஓய்வு மடங்குகளைத் தொகுத்த பட்டியல் ஒன்று அமெரிக்காவில் 1993இல் முதன்முதலாக வெளிவந்தது. பின்னர்ப் பன்முறை திருத்தப்பட்டது.

பனிச்சறுக்கின் வகைகள்

இந்தியாவில் பனிச்சறுக்கு காஷ்மீரத்தின் குல்மார்க்கிலும், உத்தராகண்டத்தின் ஔலியிலும், இமயமலைச் சரிவின் வேறு சில இடங்களிலும் நடைபெறுகிறது. குல்மார்க்கில் இராணுவத்தின் பனிச்சறுக்குப் பள்ளி 1948இல் தொடங்கப்பட்டது. அதுவே பின்னர் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியாக வளர்ந்தது. 1964இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக்கில் ஜெரமி புஜகோவ்ஸ்கி இந்தியாவின் சார்பில் பனிச்சறுக்கில் பங்கேற்றார். 2020இல் கேலோ இந்தியாவின் முதலாவது குளிர்கால விளையாட்டுகள் குல்மார்க்கில் நிகழ்ந்தன.

பனிச்சறுக்கு என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறான வேலைகள் அடங்கியுள்ளன. முதலாவது இறக்கச் சறுக்கு. இதில் கம்பிவடத்தில் ஓடும் பெட்டியோ இழுவையோ ஒருவரை உச்சிக்குக் கொண்டுசேர்க்கிறது. அவர் சரிவில் சறுக்கி இறங்குகிறார். இரண்டாவது நெடுந்தூரச் சறுக்கு. இதில் சமதரையிலும் மேடுபள்ளங்களிலும் கைக்கோல்களை ஊன்றித் தள்ளியும் காலால் உந்தியும் முன்னேற வேண்டும். மூன்றாவது, சறுக்குப் பலகையுடனேயே மலை ஏறுதல்.

மேற்கூறிய பட்டியலின் 2011ஆம் ஆண்டுப் பதிப்பிலுள்ள மடங்குகளைக் கொண்டு, 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரத்தில் செலவிடும் கலோரியைக் கணக்கிட்டால் கீழ்க்கண்ட விவரம் கிடைக்கிறது:

இறக்கச் சறுக்கு, இலேசான முயற்சி: மடங்கு 4.3, கலோரி 258
இறக்கச் சறுக்கு, நடுத்தர முயற்சி: மடங்கு 5.3; கலோரி 318
இறக்கச் சறுக்கு, பந்தய முயற்சி: மடங்கு 8.0, கலோரி 480
நெடுந்தூரச் சறுக்கு, மெதுவாக: மடங்கு 6.8, கலோரி 408
நெடுந்தூரச் சறுக்கு, நடுத்தர வேகம்: மடங்கு 9.0, கலோரி 540
நெடுந்தூரச் சறுக்கு, விரைவாக: மடங்கு 12.5, கலோரி 750
நெடுந்தூரச் சறுக்கு, பந்தய வேகம்: மடங்கு 15.0, கலோரி 900
கெட்டிப் பனியில் முழு மூச்சாக மேல்நோக்கி ஏறுதல்: மடங்கு 15.5, கலோரி 930

இலேசான இறக்கச் சறுக்குக்கும் பந்தய வேக நெடுந்தூரச் சறுக்குக்கும் இடையே மூன்று மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு இருப்பதைக் காண்க. ஆகையால், பனிச்சறுக்குக்கு எத்தனை கலோரி என்று பொதுப்படக் கேட்பது, வண்டியில் போனால் எவ்வளவு செலவு என்று கேட்பதைப் போன்றதே. எந்த வண்டி, எவ்வளவு தொலைவு, எந்தப் பாதை என்று கேட்டாலொழிய விடை கூற இயலாது.

வேலை செய்வது யார்?

இவ்வேறுபாட்டின் காரணத்தை மொகிலிச் சரிவில் எளிதாக விளங்கிக்கொள்ளலாம். ஒருவர் தம் மிதிவண்டியை லாரியில் ஏற்றிப் பலமனேர் வந்து, பின் சரிவில் மிதிக்காமலேயே சித்தூரை நோக்கி இறங்குவதாகக் கொள்வோம். ஏற்றும் வேலையை லாரியின் இயந்திரம் செய்தது. இறக்கும் வேலையைப் பூமியின் ஈர்ப்பு செய்கிறது. அவருடைய தசைகள் உடலைச் சமநிலையில் நிறுத்துவதற்கும், தடையை அழுத்துவதற்கும், திருப்பங்களில் வண்டியை வளைப்பதற்கும் மட்டுமே உழைக்கின்றன. இன்னொருவர் சித்தூரிலிருந்து அதே சரிவில் மிதித்து ஏறுகிறார். தம் உடலையும் வண்டியையும் முந்நூறு மீட்டருக்கு மேல் உயர்த்தும் வேலை முழுவதும் அவர் தசைகளையே சாரும்.

இறக்கச் சறுக்கு முன்னவரின் நிலை. நெடுந்தூரச் சறுக்கும் ஏற்றமும் பின்னவரின் நிலை. இறக்கச் சறுக்கிலும் தொடைத் தசைகள் முழங்காலை மடக்கிய நிலையில் உடலைத் தாங்கி நிற்பதால் களைப்பு மிகும். ஆனால் களைப்பு வேறு, கலோரிச் செலவு வேறு. ஒரே நிலையில் தாங்கி நிற்கும் தசை விரைவில் ஓய்ந்துவிடும். அதற்கேற்ப எரிபொருள் மிகுதியாகச் செலவாகிவிட்டது என்று கொள்ளலாகாது. நெடுந்தூரச் சறுக்கிலோ கைகள், தோள்கள், முதுகு, கால்கள் ஆகிய எல்லாப் பெருந்தசைகளும் இடைவிடாது இயங்குகின்றன. சுவீடன் நாட்டு நெடுந்தூரச் சறுக்கு வீரர்கள் சிலரைப் பயிற்சி முகாமில் ஆராய்ந்து 1994இல் வெளியிட்ட முடிவின்படி, ஆண்கள் நாளொன்றுக்குச் சராசரி 7,200 கலோரி அளவில் செலவிட்டனர். கடின உழைப்பில் ஈடுபடும் இந்திய ஆடவருக்கு நிர்ணயிக்கப்பட்ட தேவையைப்போல் இஃது இரு மடங்காகும்.

குளிரும் உயரமும் கலோரிச் செலவைப் பன்மடங்கு பெருக்கும் என்ற கருத்து பலரிடம் உண்டு. உடல் நடுங்கும்போது செலவு பெருகுவது உண்மை. ஆனால் தகுந்த உடை அணிந்து இயங்கிக்கொண்டிருப்பவரின் தசைகள் வெளிவிடும் வெப்பமே அவரைக் காத்துவிடும். உயரமான இடத்தில் மூச்சு வாங்குவது மிகுதியாயினும், ஒரே வேலைக்குத் தேவையான பிராணவாயுவின் அளவு பெரிதும் மாறுவதில்லை. ஒருவர் செய்யக்கூடிய வேலையின் உச்ச அளவுதான் குறைகிறது.

கடிகாரம் செய்யும் பிழை

பட்டியலில் இறக்கச் சறுக்குக்கு உரிய மடங்குகள், சறுக்கிக்கொண்டிருக்கும் நேரத்துக்கு மட்டுமே பொருந்தும். ஒருவர் காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணிவரை பனிமலையில் இருந்தார் என்றால், ஆறு மணி நேரத்தையும் 5.3 மடங்கால் பெருக்குவது பெருந்தவறு. வரிசையில் நின்ற நேரமும், பெட்டியில் அமர்ந்து ஏறிய நேரமும், தேநீர் அருந்திய நேரமும் அதில் அடங்கும். அவர் சறுக்கியது இரண்டு மணி நேரம் எனின், பெருக்க வேண்டியது அந்த இரண்டு மணி நேரத்தையே. எஞ்சிய நேரத்துக்கு ஓய்வுக்குச் சற்று மேற்பட்ட மடங்கைக் கொள்ள வேண்டும்.

இப்பிழை பனிமலைக்கு மட்டும் உரியதன்று. நம் பகுதியில் ஆண்டு முழுவதும் மக்கள் ஏறும் திருமலைப் பாதையை எடுத்துக்கொள்வோம். அலிபிரியிலிருந்து செல்லும் பாதையில் 3,550 படிகள். தொலைவு சுமார் 9 கிலோமீட்டர். ஏறும் உயரத்தை 650 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் மூன்று மணி நேரம் நடந்தும், ஒரு மணி நேரம் ஆங்காங்கே அமர்ந்தும், நான்கு மணி நேரத்தில் மேலே சேர்கிறார். அவர் செலவிட்ட கலோரி எவ்வளவு?

முதற் கணக்கு: பட்டியலில் சுமையின்றி மலை ஏறுவதற்கு மடங்கு 6.3. நான்கு மணி நேரத்தையும் அதனால் பெருக்கினால் 1,512 கலோரி வருகிறது.

இரண்டாம் கணக்கு: நடந்த மூன்று மணி நேரத்துக்கு மட்டும் அம்மடங்கைப் பயன்படுத்தினால் 1,134 கலோரி. அமர்ந்திருந்த ஒரு மணி நேரத்துக்கு 80 கலோரி சேர்த்தால் 1,214.

மூன்றாம் கணக்கு இயற்பியலைச் சார்ந்தது. 60 கிலோவை 650 மீட்டர் உயர்த்தச் செய்ய வேண்டிய வேலை 3,82,200 ஜூல். இது 91 கலோரிக்குச் சமம். தசை தான் எரிக்கும் எரிபொருளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுகிறது, எஞ்சியது வெப்பமாகிறது. ஆகவே உயர ஏறுவதற்கு மட்டும் 365 கலோரி வேண்டும். சமதரையில் நடப்பதற்கு ஓய்வுச் செலவு போகக் கிலோமீட்டருக்கு, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும், அரைக் கலோரி என்று கொண்டால் 9 கிலோமீட்டருக்கு 270 கலோரி. நான்கு மணி நேர ஓய்வுச் செலவு 240. ஆக மொத்தம் 875 கலோரி.

மூன்று கணக்குகளும் மூன்று விடைகளைத் தருகின்றன. முதலாவது, மூன்றாவதைவிட ஏறக்குறைய முக்கால் பங்கு அதிகம். இவற்றில் எதனை நம்புவது? ஏறிய உயரமும் நடந்த தொலைவும் விரைவாக ஏறியவருக்கும் மெதுவாக ஏறியவருக்கும் ஒன்றே. ஆனால் பட்டியல் நேரத்தைக் கொண்டு பெருக்குவதால், மெதுவாக ஏறியவர் மிகுதியாகச் செலவிட்டதாகக் காட்டுகிறது. 6.3 என்ற மடங்கு ஓரளவு விரைந்து ஏறுபவருக்கு உரியது. மணிக்கு 3 கிலோமீட்டர் நடந்தவருக்கு அது மிகை. எனவே இவருக்கு மூன்றாம் கணக்கே உண்மைக்கு அருகிலுள்ளது. உயரமும் தொலைவும் தெரிந்த இடத்தில் இத்தகைய கணக்கால் பட்டியலைச் சரிபார்ப்பது நலம்.

ஓய்வுச் செலவே எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. எழுநூறுக்கு மேற்பட்ட பெரியவர்களை அளந்து 2005இல் வெளியான ஆராய்ச்சியில், ஓய்வில் பயன்பட்ட பிராணவாயு சராசரி 2.6 மில்லி லிட்டரே இருந்தது, 3.5 அன்று. வயது, உடலமைப்பு, ஆண் பெண் என்ற வேறுபாடு ஆகியவை இதனை மாற்றுகின்றன. ஆதலின் எந்த மதிப்பீட்டையும் கடைசி இலக்கம்வரை நம்பலாகாது. 875 என்பதை எண்ணூறுக்கும் தொள்ளாயிரத்துக்கும் இடையில் என்று சொல்வதே நேர்மையான விடையாகும்.

வயலுக்கு வருவோம்

இந்தியாவில் உணவாராய்ச்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1918இல் குன்னூரில் மக்காரிசன் தொடங்கிய ஆராய்ச்சிக்கூடம் 1958இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இந்நிறுவனமும் 2020இல் வெளியிட்ட அளவுகளின்படி, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு வேண்டுவது, அமர்ந்து செய்யும் வேலையாயின் 1,660 கலோரி. நடுத்தர வேலையாயின் 2,130. கடின வேலையாயின் 2,720. நடுத்தரத்துக்கும் கடினத்துக்கும் இடையே 590 கலோரி வேறுபாடு. நூறு கிராம் கேழ்வரகு ஏறக்குறைய 320 கலோரி தருவதால், இது 180 கிராமுக்கு மேற்பட்ட கேழ்வரகுக்குச் சமம். ஒரு பெண்ணை எந்த வகுப்பில் சேர்ப்பது என்ற எழுத்துவேலை, அவர் உண்ணும் களியின் அளவையே தீர்மானிக்கிறது.

கொல்லையில் வேலை செய்யும் பெண் ஒருவரின் நாளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இங்கு அமர்ந்திருக்கும் நிலைக்குப் பதிலாக, முழு ஓய்வில் படுத்திருக்கும் நிலையின் அடிப்படைச் செலவை ஒன்று என்று கொள்கிறோம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு மேற்கண்ட அளவுகளின்படி அது நாளொன்றுக்குச் சுமார் 1,184 கலோரி.

உறக்கம்: 8 மணி, மடங்கு 1.0, பெருக்கம் 8.0
சமையல், துப்புரவு, குழந்தை பராமரிப்பு: 4 மணி, மடங்கு 2.3, பெருக்கம் 9.2
தண்ணீர் சுமத்தல், நடை: 2 மணி, மடங்கு 3.5, பெருக்கம் 7.0
கொத்துதல், களை எடுத்தல்: 6 மணி, மடங்கு 4.2; பெருக்கம் 25.2
அமர்தல், உண்ணல், பேச்சு: 4 மணி, மடங்கு 1.4, பெருக்கம் 5.6

மொத்தம் 55.0. இதனை 24ஆல் வகுத்தால் 2.29. சர்வதேச வகைப்பாட்டில் 2.00 முதல் 2.40 வரை கடின உழைப்பு, 1.70 முதல் 1.99 வரை நடுத்தர உழைப்பு. ஆகவே இப்பெண் கடின உழைப்பாளி. தேவை சுமார் 2,710 கலோரி.

இப்போது, விவரம் சேகரிப்பவர் கூலி பெற்ற ஆறு மணி நேரத்தை மட்டுமே வேலை என்று குறித்து, வீட்டு வேலையையும் தண்ணீர் சுமந்ததையும் ஓய்வு என்று எழுதிவிட்டதாகக் கொள்வோம். அப்போது உறக்கத்துக்கு 8.0, வயலுக்கு 25.2, எஞ்சிய பத்து மணி நேரத்துக்கு 14.0, மொத்தம் 47.2. வகுத்தால் 1.97. அப்பெண் நடுத்தர உழைப்பாளியாகிவிடுகிறார். தேவை 2,330 கலோரியாகக் குறைந்துவிடுகிறது. ஏட்டில் மறைந்த ஏறக்குறைய 380 கலோரி 120 கிராம் கேழ்வரகாகும். அவர் உடலோ அதனை ஒவ்வொரு நாளும் செலவிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அச்செலவை உணவு ஈடுசெய்யாவிடில் உடல் தன் சேமிப்பிலிருந்து எடுக்கும், எடை குறையும், வேலைத் திறன் தளரும். கருவுற்றவராயின் குழந்தையும் அதில் பங்கு கொள்ளும்.

பனிமலையில் காத்திருந்த நேரத்தைச் சறுக்கிய நேரமாக எண்ணியது மிகைப்பிழை. இங்கே உழைத்த நேரத்தை ஓய்வாக எண்ணியது குறைப்பிழை. இரண்டுக்கும் மூலம் ஒன்றே: நேரத்தை உற்று நோக்காமை.

பணியாளர்களும் ஆசிரியர்களும் செய்யக்கூடியவை

களப்பணியாளர் ஒருவரின் உழைப்பைக் குறிக்கும்போது, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டு நிறுத்தாமல், விழித்தது முதல் உறங்குவதுவரை ஒவ்வொரு மணியிலும் என்ன செய்தீர்கள் என்று கேட்டுக் குறிப்பது நலம். 24 மணி நேரமும் கணக்கில் வந்தனவா என்று கூட்டிப் பார்க்க வேண்டும். அறுவடைக் காலத்து நாளையும் வேலையற்ற காலத்து நாளையும் தனித்தனியே எழுத வேண்டும். எடையை ஊகிக்காமல் நிறுத்து அறிய வேண்டும். வேலையின் பெயரோடு அதன் வேகம், சுமை, ஏற்றம் ஆகியவற்றையும் குறித்தால் தகுந்த மடங்கைத் தேர்ந்தெடுப்பது எளிதாகும்.

ஆசிரியர்கள் வகுப்பிலேயே ஒரு பாடம் நடத்தலாம். பள்ளியின் மாடி 3 மீட்டர் உயரம் என்றும், மாணவரின் எடை 40 கிலோ என்றும் கொண்டால், ஒருமுறை ஏறுவதற்குச் செய்யும் வேலை 1,176 ஜூல். தசையின் திறனைக் கணக்கிற் கொண்டால் ஓய்வுக்கு மேற்பட்ட செலவு ஏறக்குறைய 1.1 கலோரி மட்டுமே. நூறு கிராம் கேழ்வரகின் சக்தியைப் படியேறியே செலவிட வேண்டுமானால் சுமார் 285 முறை ஏற வேண்டியிருக்கும். படியின் உயரத்தையும் எண்ணிக்கையையும் மாணவர்களே அளந்து, தம் எடைக்கு ஏற்றவாறு கணக்கிடட்டும். வேலை, சக்தி, திறன் என்னும் இயற்பியல் பாடமும் உணவுப் பாடமும் ஒரே கணக்கில் அவர்களுக்கு விளங்கும். பின்னர் அவர்கள் தம் தாயாரின் ஒரு நாளை மணிவாரியாக எழுதிவந்து, மேற்கண்டவாறு பெருக்கிக் கூட்டிப் பார்க்கலாம். வீட்டில் யாருக்கு உணவு கடைசியில், குறைவாகக் கிடைக்கிறது என்பதோடு அந்தத் தொகையை ஒப்பிட்டுப் பார்க்கும் மாணவர், பட்டியலில் இல்லாத ஒன்றையும் கற்றுக்கொள்வார்.